கல்யாண போட்டோவுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கணக்கு

மண்டபம் பிடித்து, சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்த கையோடு ஸ்டுடியோவுக்குப் போனால் ஓர் அட்டையை நீட்டுவார்கள். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ். சில்வரில் நமக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்காது. பிளாட்டினம் கைக்கு எட்டாது. கடைசியில் கோல்டில் போய் நிற்போம். அந்த அட்டையை அச்சடித்ததே அதற்காகத்தான்.

நான் ஆல்பம் டிசைன் செய்கிறவன். மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு, கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி ஸ்டுடியோக்கள் கொடுத்தனுப்பும் ஹார்டு டிஸ்குகளைத் திறந்து பக்கம் போடுவது என் பிழைப்பு. கேமரா பிடிக்கிறவனும் நானில்லை, காசு கொடுக்கிறவனும் நானில்லை. ஆனால் எந்தக் காசு படமாகியிருக்கிறது, எது வீணாகப் போயிருக்கிறது என்பது டிஸ்கைத் திறந்ததும் தெரிந்துவிடும். முதன்முதலாக வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பேக்கேஜாக விலை பேசாதீர்கள். எத்தனை ஆள், எத்தனை வேளை, கடைசியில் கைக்கு என்ன வரும் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். பிரித்துக் கேட்டால்தான் இரண்டு ஸ்டுடியோவின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் இந்தப் பக்கத்து நடுத்தர ஸ்டுடியோக்களை மனதில் வைத்துச் சொல்லும் தோராயம். ஆளும் நாளும் மாறினால் அதுவும் மாறும்.

எந்த வேளைக்கு யார் வேண்டும்

ஸ்டுடியோவுக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். நிச்சயதார்த்தம், பந்தக்கால், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, முகூர்த்தம், மறுவீடு. ஒவ்வொன்றுக்கும் நேராக இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் என்றால் கட்டாயம் ஆள் வேண்டியது அந்த இரண்டு வேளைக்குத்தான். மற்றவை உங்கள் விருப்பம்.

பந்தக்கால் நடுவதற்கு ஸ்டுடியோ ஆள் தேவையில்லை. அண்ணன் மகன் கையில் நல்ல போன் இருந்தால் போதும். குறுக்காகப் பிடித்து எடுக்கச் சொன்னால் ஆல்பத்திலும் சேர்த்துவிடலாம். நலங்கு அப்படியல்ல. வீட்டுக்குள், நெருங்கிய சொந்தங்கள் மட்டும் இருக்கும் நேரம். கன்னத்தில் மஞ்சள் பூசும்போது யாரும் கேமராவைப் பார்த்து முகத்தைச் சரிசெய்துகொள்வதில்லை. என்னிடம் வரும் டிஸ்குகளில் அலுக்காமல் பார்க்கக்கூடிய படங்கள் பெரும்பாலும் நலங்கில் எடுத்தவை. ஒரே ஓர் ஆளை இரண்டு மணி நேரத்துக்கு வரவழைத்தால் போதும், செலவும் பெரிதாக இருக்காது.

அடுத்து, இரண்டு வீட்டுச் சமாசாரம். பெண் வீட்டார் ஒரு ஸ்டுடியோ, மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஸ்டுடியோ வைப்பது இன்னமும் நடக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் மேடைக்கு முன்னால் நாலு கேமரா, இரண்டு லைட் ஸ்டாண்டு. பந்தலில் இருக்கிறவர்களுக்கு முதுகுகள்தான் தெரியும். இவர் எடுத்த படத்தில் அவர் நிற்பார், அவர் எடுத்ததில் இவருடைய லைட் முகத்தில் அடிக்கும். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு மடங்கு காசு கொடுத்து, இரண்டு ஆல்பத்திலும் பாதிப் படத்தை வெட்டி எறிய வேண்டியிருக்கும். நிச்சயதார்த்தத்தன்றே, எல்லாரும் நல்ல மனநிலையில் இருக்கும்போது பேசிவிடுங்கள். "சம்பந்தி, போட்டோவுக்கு ஒரே ஆளா வச்சிக்கலாமே? ஆல்பம் மட்டும் ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கலாம்" என்று சொன்னால் மறுக்கிறவர்கள் குறைவு. செலவைக் குறைக்க இதைவிடப் பெரிய வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் பக்கம் நிக்காஹ் என்றால் பெண்கள் பகுதிக்குப் பெண் கேமராக்காரரைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். இந்தத் தொழிலில் பெண்கள் குறைவு என்பதால் நாள் குறித்ததும் முதலில் தேட வேண்டியது அவரைத்தான். புதுச்சேரியில் தேவாலயத் திருமணம் என்றால் பூசை நடக்கும்போது எங்கே நிற்கலாம், ஃபிளாஷ் அடிக்கலாமா என்று பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலைக் கேமராக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

நாள் செய்யும் வேலை

ஆடியிலும் மார்கழியிலும் சும்மா இருக்கும் அதே ஆள், தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாளில் மூன்று இடத்துக்குக் கூப்பிடப்படுவார். வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டால் பேரமே கிடையாது. ஆகவே மண்டபம் உறுதியான வாரமே போட்டோவையும் பேசி முடித்துவிடுங்கள். நிச்சயதார்த்தத்தை வார நாளில் வைக்க முடிந்தால் அதற்கு மட்டும் விலை குறைத்துக் கேட்கலாம், கொடுப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பெயருள்ள ஸ்டுடியோ ஒரே நாளில் பல கல்யாணம் ஒப்புக்கொண்டு, கையில் ஆள் போதாமல் வெளியாளை அனுப்பும். அதில் தப்பில்லை, தொழிலே அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் நீங்கள் பார்த்து மயங்கிய படங்களை எடுத்தவர் ஒருவர், உங்கள் கல்யாணத்துக்கு வருபவர் வேறொருவர் என்று ஆகிவிடக் கூடாது. "எங்க கல்யாணத்துக்கு யார் வருவாங்க? அவர் எடுத்ததைக் காட்டுங்க" என்று கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் இருக்கும் பத்துப் படம் வேண்டாம். ஒரு கல்யாணத்தின் முழு போட்டோக்களையும் முதலிலிருந்து கடைசி வரை தள்ளிப் பாருங்கள். பந்தியில், கூட்டத்தில், வெளிச்சம் சரியில்லாத மணமகள் அறையில் எப்படி எடுத்திருக்கிறார் என்பதில்தான் ஆள் தெரிவார்.

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் என்றால் நம் கரையில் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பர் 30ஆம் தேதி 'ஃபெஞ்சல்' புயல் என்று இரண்டும் இந்தப் பக்கம்தான் கரை ஏறின. அந்த மாதங்களில் கடற்கரைப் படப்பிடிப்புக்கு முன்பணம் கட்டினால், மழை வந்தால் தேதியை மாற்றித் தருவார்களா, அதற்குத் தனிக் காசா என்பதைப் பேசிக்கொள்ளுங்கள்.

ஆள் கூலி

டிரெடிஷனல் என்பது மேடையில் நின்று, வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தி எடுப்பது. கேண்டிட் என்பது யாரையும் நிறுத்தாமல், நடப்பதை நடக்கிறபடி எடுப்பது. டிரெடிஷனல் போட்டோவுக்கு ஒரு வேளைக்கு 5,000 முதல் 10,000 ரூபாய், அதே அளவு வீடியோவுக்கு. கேண்டிட் ஆளுக்கு ஒரு வேளைக்கு 10,000 முதல் 20,000. சினிமாட்டிக் வீடியோ என்று அழைக்கப்படும், பத்து நிமிடத்தில் முடியும் வகைக்கு இரண்டு வேளைக்குச் சேர்த்து 20,000 முதல் 40,000. சென்னையிலிருந்து ஆளைக் கூப்பிட்டால் இதெல்லாம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை வண்டி வாடகையும், தங்கும் அறையும் உங்கள் தலையில். வார இறுதியில் புதுச்சேரியில் அறை வாடகை என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேண்டிட் மட்டும் போதும், டிரெடிஷனல் எதற்கு என்பார்கள். சின்னக் கல்யாணத்துக்கு அது சரி. ஆனால் 800 பேர் வரும் வரவேற்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நாலு பேராக மேடை ஏறினால் 200 குழு. மொய்க் கவரை நீட்டி, கைகுலுக்கி, படம் எடுத்து, இறங்க ஒரு குழுவுக்கு அரை நிமிடம் என்றாலும் 100 நிமிடம். அந்த நேரம் முழுக்க ஒருவர் மேடையை விட்டு நகர முடியாது. கேண்டிட் ஆளை அங்கே கட்டிப் போட்டால், அதிகக் கூலி கொடுத்து வரிசைப் படம் எடுத்ததாகத்தான் ஆகும். பெரிய வரவேற்பில் டிரெடிஷனல் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். கேண்டிட் வேண்டுமா என்பதை அப்புறம் யோசிக்கலாம். ஆறு மாதம் கழித்து, "நாங்க வந்த போட்டோ எங்கே?" என்று கேட்கும் சொந்தங்களுக்கு அந்த வரிசைப் படம்தான் பதில்.

காசே ஆகாத ஓர் ஏற்பாடும் உண்டு. இரு வீட்டிலும் ஆளுக்கு ஒருவரை, எல்லாச் சொந்தத்தையும் தெரிந்த ஒருவரை, கேமராக்காரர் பக்கத்திலேயே நிற்க வையுங்கள். மணமகளின் சித்தி மகனோ, மாப்பிள்ளையின் அக்கா கணவரோ யாராவது. கல்யாணம் முடிந்தபின் ஸ்டுடியோவில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"தம்பி, எங்க அத்தையை எடுக்கவே இல்லையே?"

"எந்த அத்தைங்க சார்?"

அவருக்கு எப்படித் தெரியும்? கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் தள்ளாமையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிதான் பெண்ணை வளர்த்தவர் என்பது டிஸ்கைத் திறக்கும் எனக்கும் தெரியாது. அவர் ஒரே படத்தில், அதுவும் ஓரத்தில் பாதி முகமாக இருப்பார். பெரியவர்கள் பெயரை எழுதி, "இவர்களை மணமக்களோடு தனியாக" என்று ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

ஆட்களுக்குச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. விடியற்காலை நாலரைக்கே வந்தவர்கள். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தியிலேயே இருவரை உட்கார வைத்துவிடுங்கள். மணமக்கள் சாப்பிடும் நேரத்தில் கேமராக்காரர் பசியோடு இலையைத் தேடிக்கொண்டிருந்தால், ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டும் படம் கிடைக்காது.

திருவந்திபுரத்தில் கல்யாணம் என்றால்

கடலூர்ப் பக்கம் இது தனிக் கணக்கு. தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி மலையில் தாலி கட்டுவதாக வேண்டிக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். நல்ல முகூர்த்த நாளில் நூற்றுக்கும் மேல் ஜோடிகள் வந்துவிடுவதுண்டு. ஒரே மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஜோடிகள், ஆளுக்கொரு ஐயர், ஆளுக்கொரு மேளம். நம் கெட்டி மேளம் எது, அடுத்த வீட்டுக் கெட்டி மேளம் எது என்றே குழம்பும். தாலி முடிச்சு விழும் அந்தச் சில நொடிக்கு முன்னால் இருபது கை போனோடு உயர்ந்துவிடும். அட்சதை பறக்கும். அதற்குள் அடுத்த ஜோடிக்கு இடம் விட வேண்டும்.

இங்கே கூடுதலாக ஆளைக் கொண்டுவருவதில் பயனில்லை, நிற்க இடமிருக்காது. போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர் போதும். ஆனால் அந்தப் போட்டோக்காரர் திருவந்திபுரத்தில் பல தடவை எடுத்தவராக இருக்க வேண்டும். அகலமாக எடுக்கும் லென்ஸ் வைத்திருக்க வேண்டும். குடும்பத்துக்கு முன்பே மலை ஏறி, எந்தத் தூணோரம் நிற்பது என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். சொந்தக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: தாலி கட்டும்போது போனைத் தூக்காதீர்கள், படம் அனுப்புகிறோம் என்று. கேட்பார்களா என்றால், பாதிப் பேர் கேட்பார்கள். கேமராவுக்கும் வீடியோவுக்கும் தனி ரசீது போட வேண்டுமா என்பதைக் கல்யாணத்துக்குப் பதிவு செய்யும்போதே கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கருவறைப் பக்கம் கேமராவைக் கொண்டு போகும் பேச்சே வேண்டாம்.

மலையில் தாலி, அப்புறம் மண்டபத்தில் சாப்பாடும் வரவேற்பும் என்று பிரிந்திருந்தால், ஸ்டுடியோ அதை ஒரு வேளை என்று கணக்கிடுகிறதா, இரண்டு வேளையா என்று கேளுங்கள். பின்னால் மனஸ்தாபம் வருவது இந்த இடத்தில்தான்.

கல்யாணச் செலவில் போட்டோவுக்கு இத்தனை சதவீதம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோயிலில் எளிமையாக நடக்கும் கல்யாணத்தில் மொத்தச் செலவே குறைவு. ஆனால் கேமராக்காரர் வேலை செய்யும் மணி நேரம் அதே அளவில் குறைவதில்லை.

ஆல்பம்

இது என் இடம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வழக்கமான அளவு 12க்கு 36 அங்குலம். அதாவது விரித்து வைத்தால் 36 அங்குல நீளம். இதை ஒரு ஷீட் என்போம். ஒரு ஷீட்டில் இடதும் வலதுமாக இரண்டு பக்கம். ஒரு ஸ்டுடியோ "40 ஷீட்" என்றும், இன்னொன்று "60 பக்கம்" என்றும் சொன்னால், இரண்டாவதுதான் பெரியது என்று நினைத்துவிடாதீர்கள். 60 பக்கம் என்றால் 30 ஷீட். ஷீட் கணக்கில் மட்டும் பேசுங்கள். ஒரு ஷீட்டில் நாலைந்து படம் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆக 40 ஷீட்டுக்கு 160 முதல் 200 படம். 400 படத்தைப் பொறுக்கிக் கொடுத்து 40 ஷீட்டில் அடக்கு என்றால் முகமெல்லாம் கடுகு கடுகாகத்தான் வரும். இல்லாவிட்டால் ஷீட்டைக் கூட்ட வேண்டும், ஒவ்வொன்றும் 250 முதல் 400 ரூபாய். பட்ஜெட் எகிறுவது பெரும்பாலும் இப்படித்தான். முன்பே ஷீட் விலையைக் கேட்டு எழுதி வையுங்கள்.

40 ஷீட் ஆல்பம், அட்டை, பெட்டி, பை எல்லாம் சேர்த்து 12,000 முதல் 20,000 வரை ஆகும். தாள் கிழியாத வகையா, மேட்டா, பளபளப்பா என்பதைப் பொறுத்து மாறும். என்னைக் கேட்டால் மேட் எடுங்கள். பளபளப்புத் தாளில் டியூப் லைட் வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியாது, விரல் ரேகையும் பதியும். கண்ணாடி அட்டை, விளக்கு எரியும் பெட்டி இதற்கெல்லாம் கொடுக்கும் காசை இன்னும் ஐந்து ஷீட்டுக்குக் கொடுக்கலாம்.

சம்பந்தி வீட்டுக்கும் ஒரு ஆல்பம் என்றால் கவனியுங்கள். இரண்டாவது பிரதிக்கு டிசைன் வேலை கிடையாது, அச்சும் கட்டுமானமும்தான். முதல் ஆல்பத்தின் விலையையே அதற்கும் கேட்டால் பேரம் பேச வேண்டிய இடம் அதுதான். முன்பக்கம் மட்டும் மாற்றி, அவர்கள் வீட்டுக் குடும்பப் படத்தைப் போடச் சொன்னால் செய்து தருவோம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முகத்தை வெளுப்பாக்குவது எங்கள் தொழிலைப் பிடித்த வியாதி. நலங்கில் பூசிய மஞ்சள் போய் மாவு பூசியது போல் ஆகும், அரக்குக் கூறைப்புடவை ஆரஞ்சாகத் தெரியும். "உள்ள நிறத்திலேயே இருக்கட்டும்" என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். புடவையைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த போன் படம் ஒன்றையும் அனுப்புங்கள், அதை வைத்து நிறம் பொருத்துவோம். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி, பெயர், தேதி, எழுத்துப் பிழை பாருங்கள். எத்தனை தடவை திருத்தித் தருவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆல்பம் தாமதமாவதற்கு ஸ்டுடியோவை மட்டும் திட்ட முடியாது. படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காமல் வருஷக்கணக்கில் கிடப்பில் போட்ட குடும்பங்கள் நிறைய. மறுவீடு முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

மேல் சேர்மானங்கள்

எல்இடி திரை, டிரோன், லைவ், அவுட்டோர் ஷூட். கடைசி நிமிடத்தில் "இதையும் போட்டுக்கலாம்" என்று சேர்ப்பவை இவை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை.

மண்டபம் நீளமாக இருந்து, பின்வரிசைக்கு மேடை தெரியாது என்றால் எல்இடி திரை பயன்தான், 8,000 முதல் 15,000. முந்நூறு பேர் மண்டபத்துக்கு வேண்டாம்.

லைவ் ஸ்ட்ரீமிங்குக்கு 5,000 முதல் 10,000 கேட்பார்கள். முடிவெடுக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். தை மாதத்தில் காலை 6 மணி முகூர்த்தம் என்றால் சிங்கப்பூரில் எட்டரை, துபாயில் நாலரை, பாரிஸில் நள்ளிரவு ஒன்றரை. புதுச்சேரியில் பிரான்சில் சொந்தம் இல்லாத தெருவே குறைவு. அவர்கள் தூங்கி எழுந்துதான் பார்ப்பார்கள். அதற்கு லைவ் எதற்கு? அன்று மாலையே முகூர்த்த வீடியோவை மட்டும் ஏற்றி லிங்க் அனுப்பச் சொன்னால் போதும். சிங்கப்பூரில் அண்ணன் குடும்பம் காத்திருக்கிறது என்றால் லைவ் சரி. அப்போது மண்டபத்தில் இணைய இணைப்பு எப்படி என்று முதல் நாளே ஆள் போய்ப் பார்க்க வேண்டும். சினிமாப் பாட்டு ஓடும் வரவேற்பை யூடியூபில் விட்டால் காப்புரிமையைக் காட்டி முடக்கப்படலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

டிரோன் 5,000 முதல் 10,000. நாலு சுவருக்குள் நடக்கும் கல்யாணத்துக்கு மண்டபத்தின் மொட்டை மாடியை மேலிருந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஊர்வலம், கடலோர விடுதி, தோப்பு என்றால் அழகாக வரும். 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியில் முன் அனுமதியும் வேண்டும். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் புதுச்சேரி நகரில் இது சும்மா தள்ளிவிடும் விஷயமில்லை. அனுமதி யார் பொறுப்பு என்று கேட்டு, ஸ்டுடியோ பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

அவுட்டோர் ஷூட் என்றால் நம் பக்கத்தில் புதுச்சேரி வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்கள், ராக் பீச், சுண்ணாம்பாற்றைக் கடந்து பாரடைஸ் பீச், தேவனாம்பட்டினம் சில்வர் பீச், பிச்சாவரம். அரை நாளுக்கு 10,000 முதல் 25,000 வரை, உடை மாற்றம், மேக்கப், படகுக் கட்டணம், வண்டி எல்லாம் தனி. நம்முடையது கிழக்குக் கடற்கரை, சூரியன் கடலில் உதிக்கும், மறையாது. "கடலில் சூரியன் மறையும்போது" என்று பேக்கேஜில் போட்டிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கே அங்கே இருந்தால் வெளிச்சமும் நன்றாக இருக்கும், சுற்றுலாக் கூட்டமும் இருக்காது. வீட்டுச் சுவர் முன் நிற்பதானால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர்களும் தினமும் எத்தனை ஜோடியைத்தான் பார்ப்பார்கள்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நெல்லிக்குப்பத்துக் குடும்பம், கடலூரில் மண்டபம், மாலை வரவேற்பு, காலை முகூர்த்தம், இரு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்டுடியோ என்று வைத்துக்கொள்வோம். டிரெடிஷனல் போட்டோ வேளைக்கு 7,000 வீதம் 14,000. வீடியோவும் அப்படியே 14,000. கேண்டிட் வேளைக்கு 12,000 வீதம் 24,000. முதல் ஆல்பம் 16,000, இரண்டாவது பிரதி 10,000. ஹார்டு டிஸ்க் 5,000. வண்டி, சில்லறை 4,000. மொத்தம் 87,000 ரூபாய். இரு வீடும் பகிர்ந்தால் ஆளுக்கு 43,500.

இதன் மேல் சினிமாட்டிக் வீடியோ 25,000, அவுட்டோர் 20,000, எல்இடி 10,000, டிரோன் 6,000, லைவ் 6,000 என்று சேர்த்தால் 67,000 ஏறி, 1,54,000 ஆகிவிடும். ஒவ்வொன்றையும் "ஆறாயிரம்தானே, பத்தாயிரம்தானே" என்று சேர்த்தது இது. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் சினிமாட்டிக் வீடியோவை எடுப்பேன். மூன்று மணி நேர வீடியோவை யாரும் இரண்டாம் தடவை போட்டுப் பார்ப்பதில்லை. பத்து நிமிடத்தில் முடிவதை வருஷா வருஷம் கல்யாண நாளில் பார்ப்பார்கள்.

திருவந்திபுரத்தில் தாலி, வீட்டளவில் சாப்பாடு என்றால் போட்டோ 7,000, வீடியோ 7,000, 25 ஷீட் ஆல்பம் 10,000 என்று 24,000 ரூபாயில் நிறைவாக முடித்துவிடலாம்.

எந்தக் கணக்கானாலும் பத்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள், கூடுதல் ஷீட்டுக்கும், நேரம் நீண்டால் கேட்கும் கூடுதல் கூலிக்கும். ஜிஎஸ்டி பதிவுள்ள ஸ்டுடியோ என்றால் 18 சதவீதம் வரி தனி. 80,000 பில்லில் அது 14,400 ரூபாய், விட்டுவிடும் தொகையில்லை. சொன்ன விலை வரியோடா, வரி இல்லாமலா என்பதை முதல் பேச்சிலேயே கேளுங்கள்.

எழுதி வாங்குங்கள்

பழகிய ஆள், தெரிந்த பையன் என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். முத்திரைத் தாள் தேவையில்லை, பில் புத்தகத்தின் ஒரு தாளில் எழுதினாலும் போதும். தேதி, வேளை, தொடங்கி முடியும் நேரம், எத்தனை ஆள், ஷீட் எண்ணிக்கை, கூடுதல் ஷீட் விலை, கூடுதல் மணி நேரத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் போட்டோ, எந்தத் தேதிக்குள் ஆல்பம். வர வேண்டியவருக்கு உடம்பு முடியாமல் போனால் பதிலுக்கு யார் என்பதும்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். நாள் உறுதி செய்ய மூன்றில் ஒரு பங்கு, முகூர்த்தம் முடிந்ததும் ஒரு பங்கு, ஆல்பமும் டிஸ்கும் கைக்கு வந்தபின் கடைசிப் பங்கு. முகூர்த்தத்தன்றே முழுதும் கொடுத்தவர்கள்தான் அப்புறம் ஸ்டுடியோ வாசலுக்கு நடக்கிறார்கள்.

படங்களின் உரிமை யாருக்கு என்றும் பாருங்கள். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே. "வேறு ஒப்பந்தம்" என்பது பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கலாம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பெண்ணின் படத்தை விளம்பரத்துக்குப் போட வேண்டாம் என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, டிஸ்க். 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 ஜிபி வரை பிடிக்கும். இரண்டு வேளைக் கல்யாணத்தை 32 ஜிபி பென்டிரைவில் கொடுத்தால் அதில் இருப்பது சுருக்கிய பிரதிதான். எல்லா போட்டோவும் முழு அளவில், எடிட் செய்யாத வீடியோவும் சேர்த்து, ஒரு டிபி ஹார்டு டிஸ்கில் வேண்டும் என்று கேளுங்கள். டிஸ்கை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடலாம். கடைசித் தவணையை நீட்டும் முன் ஸ்டுடியோவிலேயே கணினியில் செருகி, வரவேற்பிலிருந்து நாலு, முகூர்த்தத்திலிருந்து நாலு என்று படங்களைத் திறந்து பாருங்கள், வீடியோவை நடுவில் ஓட்டிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து, அதைச் சம்பந்தி வீட்டில் கொடுத்துவையுங்கள். ஸ்டுடியோவில் எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்றும் கேட்டு வையுங்கள், அடுத்த முகூர்த்த மாதத்துக்கு இடம் வேண்டுமென்றால் பழைய கல்யாணங்களைத்தான் முதலில் அழிப்பார்கள்.